ஹார்பருக்கு நாம் வைத்த பெயர் தவறு

தண்டையார்பேட்டை
ஆடி இரண்டாம் வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். நீ, மருமகள், பாப்பா எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போன் அம்மா கையில் இருக்கிறது. நான் வாங்கினால், "ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கணும்" என்கிறாள். ஸ்பீக்கரில் மனுஷன் என்ன பேச முடியும்? சாப்பிட்டாயா, அங்கே மழையா, பாப்பாவுக்குச் சளி விட்டதா. அதோடு முடிந்தது. அதனால் போஸ்ட் ஆபீஸ் போய் ஒரு கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண், "ரிஜிஸ்டர் பண்ணணுமா சார்? கேஸ் ஏதாவதா?" என்று கேட்டது. மகனுக்கு என்றேன். பாவமாகப் பார்த்தது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். மூலையில் தொங்கும் ஒட்டடை, என் சட்டைக் காலர் அழுக்கு, மீன்காரம்மா தராசில் விரல் வைப்பது, எல்லாம். ஆபரேஷன் முடிந்து வந்த அன்றைக்கு ஒரு கண்ணில் கட்டோடு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ வருவாய் என்று. வேலை அதிகம் என்று சொன்னாய். சரி. வேலை இருப்பவன் நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாதுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதியும் விட்டேன், விடு.

வீட்டில் இப்போது சண்டை கீரைக்காகத்தான். நான் தினம் கீரை வாங்கி வருகிறேனாம். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை என்று ஆய்ந்து ஆய்ந்து அவள் விரலெல்லாம் கறுத்துவிட்டதாம். கண்ணுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார் என்று சமாளித்து வைத்திருக்கிறேன். காரணம் வேறு. பிறகு சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு வயிறு காலியாக இருந்தால் தலைவலி வரும்.

ஆனி மாதத்திலிருந்து நீ போனில் கதை சொல்ல ஆரம்பித்திருக்கிறாய். முன்பெல்லாம் "மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிற பிள்ளை இப்போது அரை மணி நேரம் பேசுகிறான் என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெங்களூர் கப்பன் பார்க்கில் ஒரு பெரியவர் கோழிக்குடலைப் பையில் கொண்டுவந்து மேலே வீசுகிறார், பருந்துகள் தரையில் விழவிடாமல் அந்தரத்திலேயே கவ்வுகின்றன, ஒரே ஒரு பருந்துக்கு மட்டும் பிடிக்கத் தெரியாது, அதற்காக அவர் தனியாக ஒரு துண்டைச் சுவர்மேல் வைக்கிறார் என்றாயே, அதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்புறம் ரசல் மார்க்கெட் மீன்கடைப் பூனை. மெஜஸ்டிக் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இல்லாமல், உனக்கும் இன்னொருத்தருக்கும் சேர்த்து ஒரே நோட்டாகக் கொடுத்து "பிரிச்சுக்கோங்க" என்று இறக்கிவிட்டதும், முன்பின் தெரியாத நீங்கள் இரண்டு பேரும் நோட்டை மாற்றுவதற்காகவே டீ குடித்ததும். அதைக் கேட்டு நானும் சிரித்தேன்.

நன்றாகச் சொல்கிறாய். எங்கே நிறுத்த வேண்டும் என்று உனக்குத் தெரிகிறது. அது என்னிடமிருந்து வந்தது, அம்மா வழியில் யாருக்கும் கதை சொல்ல வராது, மாமாவைப் பார்த்தாலே தெரியும். பெருமையாகத்தான் இருந்தது. படுத்த பிறகுதான் தூக்கம் வரவில்லை.

பருந்துக் கதை செவ்வாய்க்கிழமை நடந்தது. காலை பதினோரு மணி, வெயில் ஏறுகிற நேரம் என்று நீயே சொன்னாய். பூனை, வியாழக்கிழமை மத்தியானம். எதிர்வீட்டு மெக்கானிக் பையனிடம் மேப்பில் பார்க்கச் சொன்னேன். உன் ஆபீஸ் இருக்கிற எலக்ட்ரானிக் சிட்டிக்கும் கப்பன் பார்க்குக்கும் 18, 20 கிலோமீட்டர் இருக்கும் என்றான்.

நான் எதுவும் கேட்கவில்லை. லீவு போட்டிருப்பாய். வீட்டிலிருந்தே வேலை என்றும் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. சரி, நீ உன் ஊர்க் கதை சொன்னாய், நானும் நம் ஊர்க் கதை சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் உனக்கு நினைவிருக்கும். போன மாதம் ஒருநாள் கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றுவிட்டது. இருபது நிமிஷம், முப்பது நிமிஷம், நகரவில்லை. இந்தப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோவில் மாப்பிள்ளை வீட்டார், அந்தப் பக்கம் பெண் வீட்டார் எதிர்கொள்ள வந்து நிற்கிறார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் பட்டுப்புடவைக் கரை தெரிகிறது, ஆள் தெரியவில்லை. கடைசியில் பெண்ணின் தாய்மாமன் குனிந்து சக்கரத்துக்கு நடுவில் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார். இந்தப் பக்கத்துக் கிழவர் ஒருத்தர் மண்டியிட்டு வாங்கிக்கொண்டார். கேட்மேன் கத்துகிறார், யார் கேட்பது? சுண்டல்காரனுக்கு அன்று நல்ல வியாபாரம். அந்த கேட் திறந்தே இருந்தால் பாதிப் பேருக்குப் பிழைப்பு போய்விடும் என்று நான் எப்போதும் சொல்வேன். அங்கேதான் நான் கீரை வாங்குவது.

புறாக்காரர் வீட்டுச் சங்கதி இன்னொன்று. பந்தயத்துக்கு நாக்பூரில் விட்ட புறாக்களில் ஒன்று வரவே இல்லை. மனுஷன் மூன்று வாரம் மொட்டை மாடியை விட்டு இறங்கவில்லை. அந்தப் புறா என்ன செய்தது தெரியுமா? வந்துதான் இருக்கிறது. இவர் மாடிக்கு வராமல் பின்தெருவில் வேறொருவர் கூண்டில் போய் இறங்கி, ஜோடி சேர்ந்து, முட்டையும் வைத்துவிட்டது. அவர் தரமாட்டேன் என்கிறார். மூன்று நாள் பேச்சுவார்த்தை. முடிவில் இரண்டு பிரியாணி, ஒரு குஞ்சு எனக்கு, ஒரு குஞ்சு உனக்கு என்று சமாதானம். இதை வைத்து உனக்கு ஒன்று சொல்லலாம் என்று வந்தேன். வேண்டாம், புறா வேறு, பிள்ளை வேறு.

நல்ல சேதியும் உண்டு. காசிமேட்டுப் பக்கம் எங்கே பார்த்தாலும் இப்போது பிள்ளைகள் கேரம் போர்டோடு உட்கார்ந்திருக்கின்றன. எல்லாம் காசிமா செய்த வேலை. ஆட்டோக்காரர் மகள், 2024-இல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தது. அரசாங்கம் ஒரு கோடி கொடுத்தது. இரண்டு முறை உலக சாம்பியன் ஆன மரிய இருதயமும் சென்னைக்காரர்தான், உனக்கு நான் சொல்லியிருக்கிறேன். நீ போர்டின் மூலையை உடைத்த நாளில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நீ மட்டும் என்ன குறைவு? இந்தத் தெருவில் முதல் இன்ஜினியர் நீ. 2011-இல் நீ வேலையில் சேர்ந்த அதே வருஷம் அக்டோபரில், கோர்ட் உத்தரவால் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அதுவரை மாடியில் காயப்போட்ட வேட்டியை எடுத்தால் மடிப்பில் கரி கோடாக இருக்கும். "எம்புள்ள சம்பாதிக்க ஆரம்பிச்சான், துணி வெளுத்துடுச்சு" என்று அம்மா சொல்வாள். கோர்ட்டை யார் நினைத்தார்கள்!

ஒரு விஷயம். போனில் கடன் தருகிற ஆப் எதையும் தொடாதே. பத்து நிமிஷத்தில் பணம் போடுவான், பதினோராவது நிமிஷம் உன் போனில் இருக்கிற எல்லா நம்பரும் அவனிடம் இருக்கும். பின்தெருவில் ஒரு பையன் எட்டாயிரத்துக்கு வாங்கிப் பட்ட பாடு உனக்குச் சொன்னேன். வேண்டுமென்றால் என்னைக் கேள். போஸ்ட் ஆபீஸில் போட்டது அடுத்த மாதம் முதிர்கிறது, அதற்கு எங்களுக்கு ஒரு செலவும் இல்லை. நீ மாசாமாசம் அனுப்புவதையும் மூன்று மாதமாக நாங்கள் தொடவில்லை. முன்பு ஐந்து தேதி, ஆறு தேதி ஆகும். இப்போது முப்பதாம் தேதி ராத்திரியே வந்துவிடுகிறது. ஏன் அவ்வளவு அவசரம்? இந்த மாதம் அனுப்ப வேண்டாம். அனுப்பினாலும் அப்படியே கிடக்கும்.

வால்டாக்ஸ் ரோடு கதை நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரன் ஹைதர் அலிக்குப் பயந்து ஊரைச் சுற்றிச் சுவர் கட்டிவிட்டு, செலவை நீங்கள் கொடுங்கள் என்று ஜனங்களுக்கு வரி போட்டான். ஜனங்கள் கொடுக்க மாட்டோம் என்றார்கள், வரி வசூலாகவே இல்லை. சுவர் போய்விட்டது, கட்டாத வரி மட்டும் ரோட்டுக்குப் பெயராக நிற்கிறது. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தூங்குவதற்கு முன்னால் இதை நான் சொன்னேன். "அப்போ நாம யாருக்காவது காசு குடுக்கலைன்னா நம்ம பேரை ரோட்டுக்கு வைப்பாங்களா?" என்று கேட்டாய். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அப்போது ஏன் என்று உனக்குத் தெரியாது.

அந்த வருஷம் எத்தனை கதை சொன்னேன் என்று எண்ணிப் பார். வால்டாக்ஸ் ரோடு. காலாடிப்பேட்டை என்றால் காலாடிகள் இருந்த இடமில்லை, காலெட் என்ற கவர்னர் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை, நம் ஜனங்கள் வாயில் துரையே காலாடி ஆகிவிட்டார் என்பது. தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தானைத் தொண்டியார் தொண்டியார் என்று கூப்பிட்டுத்தான் நம் பேட்டைக்கே பெயர் வந்தது என்பது. ஜெர்மன்காரனின் எம்டன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி வந்து துறைமுகத்து எண்ணெய் டாங்கியைக் கொளுத்திவிட்டு யார் கையிலும் சிக்காமல் போனது, அதிலிருந்துதான் சாமர்த்தியசாலியை "எம்டன்" என்கிறோம் என்பது. நீயும் அக்காவும் பாயில் படுத்துக்கொண்டு "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்பீர்கள். இதெல்லாம் எப்படிப்பா தெரியும் என்றால், ஹார்பரில் ஒரு பெரியவர் சொன்னார் என்பேன்.

ஹார்பரில் எந்தப் பெரியவரும் சொல்லவில்லை, தம்பி. எம்டன் கதை ஹைகோர்ட் மதில் சுவரில் பதித்த கல்லில் இருக்கிறது. வேலைக்குப் போகிற எவனும் அதை நின்று படிக்க மாட்டான். நான் பன்னிரண்டு வருஷம் அந்த வழியாகத் தம்பு செட்டித் தெருவுக்குப் போனேன், ஒருநாளும் படித்ததில்லை.

எப்படிச் சொல்வது என்று இவ்வளவு தூரம் சுற்றி வந்துவிட்டேன். சொல்லிவிடுகிறேன்.

1998 பங்குனியில் என் கம்பெனியில் ஒன்பது பேரில் நான்கு பேரை நிறுத்தினார்கள். கப்பலில் வந்திறங்கும் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கிற பில் ஆஃப் என்ட்ரி டைப் அடிக்கிற வேலை எனக்கு. ஐந்து காப்பி கார்பன் வைத்து அடிப்பேன், ஒரு தப்பு இருக்காது. கம்ப்யூட்டர் வந்தது. அதற்குக் கார்பன் வேண்டாம், நானும் வேண்டாம். சம்பளக் கவரோடு இன்னொரு கவர் இருந்தது. மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார், அதையும் குடித்தேன்.

அப்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து பதினேழு நாள். கனம் தூக்கக் கூடாது, மனசை அலட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு வாரம் ஏழு மாதம் ஆனது.

தினம் எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புவேன். முதல் வாரம் பாரிமுனையில் சுற்றினேன், அங்கே தெரிந்தவர்கள் கண்ணில் படுகிறது. பிறகு ராயபுரம் ஸ்டேஷன். 1856-இல் தென்னாட்டில் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் என்பார்கள். நான் உட்கார்ந்த காலத்தில் தூணெல்லாம் காரை பெயர்ந்து, மழைக்கு ஒழுகிக்கொண்டு கிடந்தது. பிளாட்பாரக் கோடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச், யாரும் வர மாட்டார்கள். என்னைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் உண்டு. யாரும் யாரையும் எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. அதில் ஒருத்தர் ரிட்டயர்ட் வாத்தியார், காலாடிப்பேட்டையும் தொண்டியாரும் அவர் சொன்னதுதான்.

பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவேன். ஒரு நாய் வரும். பழுப்பு நிறம், இடது காது மடிந்தது. பாதி சாதம் அதற்கு. தயிர்சாதம் என்றால் வாலாட்டும், எலுமிச்சை சாதம் என்றால் மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும், "இன்னிக்கும் இதானா?" என்பது போல. நான்கு மாதம் அதோடு சாப்பிட்டேன். ஆவணியில் ஒருநாள் என் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், பாலம் எல்லாம் தாண்டி வீடு வரை வந்துவிட்டது. "எங்கேர்ந்துப்பா?" என்று கேட்டாய். ஹார்பர் கேட்டில் பிடித்துக்கொண்டது என்றேன். நீ ஹார்பர் என்றே பெயர் வைத்தாய். பதினொரு வருஷம் நம் வீட்டில் இருந்தது, ஸ்டேஷன் என்று வைத்திருக்க வேண்டிய நாய்.

அன்று ராத்திரி அக்கா அதற்கு மீந்த எலுமிச்சை சாதத்தைப் போட வந்தாள். "அதுக்கு எலுமிச்சை சாதம் பிடிக்காது" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நாய்! அம்மா அடுப்படி வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள்தான் அசல் எம்டன்.

இதுவரை எழுதியதை நீ சிரித்துக்கொண்டு படிக்கலாம். இனி எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூனில் உங்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கையில் இல்லை. பாட்டி அக்காவுக்குச் செய்து போட்ட ஜிமிக்கியை எடுத்துக்கொண்டு போய் சேட்டு கடையில் வைத்தேன். இரண்டு மாதத்தில் மீட்டுவிடலாம் என்று கணக்கு. வட்டி கட்ட முடியவில்லை, மூழ்கிவிட்டது. ஆடி வெள்ளிக்கு அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஜிமிக்கி இல்லை.

அந்த வருஷம் மட்டும் நம் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கக் கொருக்குப்பேட்டை ஆயா வந்தார். அம்மா நேராகச் சொல்லவில்லை. "நான் யாரையும் சொல்லல. ஆனா வெளியாள்னு வீட்டுக்குள்ள வர்றது ஒருத்தர்தானே" என்றாள். ஆயா கையில் சாம்பல் இருந்தது. கழுவிவிட்டு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து எங்கள் முன்னால் உதறிக் காட்டினார். ஒரு வெற்றிலை, ஒரு பாக்குப் பொட்டலம், ஒரு எட்டணா விழுந்தது. எட்டணா உருண்டு கதவுக்குப் பின்னால் போனது. நீதான் ஓடிப்போய் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாய். "நல்லா இருப்பா" என்று உன் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து வரவில்லை. அந்த மாதக் கூலியையும் வாங்க வரவில்லை.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். சேட்டு கடை ரசீது என் சட்டைப்பையில் இருந்தது. அம்மா சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேலை போன விஷயம் வெளியே வரும், அதனால் சொல்லவில்லை. ஐப்பசியில் ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுத வேலை கிடைத்தது. கம்பெனி மாறிவிட்டேன், இது வீட்டுக்குப் பக்கம் என்று சொன்னேன். எல்லோரும் சந்தோஷப்பட்டீர்கள். முதல் சம்பளத்தில் ஆயாவைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. இரண்டாம் சம்பளத்திலும் போகவில்லை. ரிட்டயர்டே ஆகிவிட்டேன்.

இந்தப் பொங்கலுக்குப் பிறகுதான் பார்த்தேன். கேட் பக்கத்தில் கோணியை விரித்துக் கீரை விற்கிறார். முதுகு வளைந்துவிட்டது. என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். "அந்தச் சின்னப் புள்ள எப்படி இருக்கு? எட்டணா எடுத்துக் குடுத்துச்சே" என்று கேட்டார். பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான் என்றேன். "இருக்கட்டும், நல்ல புள்ள" என்று ஒரு பிடி கீரையை அதிகமாக வைத்தார். அன்றிலிருந்து தினம் போகிறேன். சொல்லத்தான் போகிறேன். கேட் மூடியிருந்தால் ஆள் நிறைய, திறந்திருந்தால் வண்டிச் சத்தம். கீரையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். தினமும் ஒரு பிடி அதிகமாக வைக்கிறார்.

நாளைக்குப் போகும்போது சொல்கிறேன் என்று எழுத வந்தேன். அதையும் உன்னிடம் பொய்யாக எழுத வேண்டாம் என்று அடித்துவிட்டேன். மேலே மை படிந்திருப்பது அதுதான்.

இதை அக்காவிடம் சொல்லாதே. அவளுக்கு ஜிமிக்கி தர வேண்டியது நான், நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாடி அறையில் சாமான்களை எடுத்துவிட்டு வெள்ளையடித்தாயிற்று. பேன் புதிது. ஜன்னலைத் திறந்தால் முன்புபோல் கரி வராது. மருமகளுக்கும் பாப்பாவுக்கும் தாராளமாக இருக்கும். தண்டையார்பேட்டை வரை மெட்ரோ வருகிறது, சென்ட்ரலில் இறங்கினால் கால்மணி நேரம். இதை எழுதுவதால் உடனே கிளம்பி வா என்று அர்த்தமில்லை. வரவேண்டாம் என்றும் அர்த்தமில்லை. பேப்பரில் உங்கள் தொழில் பற்றித் தினம் ஏதாவது போடுகிறான். நான் கார்பன் பேப்பரை நினைத்துக்கொள்வேன். மருமகளிடம் நீ எல்லாம் பேசுகிறாயா? பேசு. ராத்திரி பாப்பா தூங்கிய பிறகு பேசு. ஒரு வாரம் போகட்டும் என்று மட்டும் வைக்காதே.

ஆப்பில் கடன் வாங்காதே. இரண்டாவது முறையாக எழுதுகிறேன் என்று தெரியும்.

பதில் எழுதுவதானால் கவரில் எழுது, ஐஸ் பேக்டரி விலாசத்துக்குப் போடு. அங்கே இன்னும் என்னைத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள், கொடுத்துவிடுவார்கள். போனில் கதை சொல்வதை நிறுத்திவிடாதே, அம்மா அதற்காகவே ஞாயிறு சீக்கிரம் சமைத்துவிடுகிறாள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை மட்டும் சொல்லாமல் சொல். நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு, "கப்பன் பார்க்கு அவன் ஆபீசுக்குப் பக்கமாங்க?" என்று கேட்டாள்.

பக்கம்தான், ரோட்டைத் தாண்டினால் பார்க் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா